கையெழுத்துப் போடும் முன்



பட்டம் பெறும் மாணவ, மாணவியரே, உங்களில் பலரது கைக்கு விரைவில் பணி நியமன ஆணை வரும். சம்பளத் தொகையைப் பார்த்த மகிழ்ச்சியில் மற்ற பக்கங்களைப் படிக்காமலே கையெழுத்துப் போடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அப்படிப் போட்ட ஒரு கையெழுத்தின் கதையைக் கேளுங்கள்.

சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த குடகுப் பெண் சி. பி. முத்தம்மா. இந்திய அயலுறவுப் பணிக்கு வந்த முதல் பெண். திருமணம் ஆனால் வேலையை விட்டுவிடுவேன் என்று பணியில் சேரும்போதே அவரிடம் எழுதி வாங்கினார்கள். அன்றைய விதிப்படி, பெண் அதிகாரி மணம் செய்துகொள்ள அரசின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். மணமான பின், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவரை விலகச் சொல்லலாம். ஆண்களுக்கு இந்த நிபந்தனை கிடையாது. ஹங்கேரியில் தூதராக இருந்தவருக்கே பதவி உயர்வை மறுத்தார்கள். உச்ச நீதிமன்றம் போனார்.

வழக்கு நிலுவையில் இருக்கும்போதே பதவி உயர்வு வந்துவிட்டது. அதனால் 1979இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் மனுவைத் தள்ளுபடி செய்தார். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார். பணி விதிகள் அனைத்திலும் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டைக் களைய வேண்டும் என்றார். திருமண அனுமதி விதியை நீக்குவதாக அரசும் ஒப்புக்கொண்டது. ஏட்டில் தள்ளுபடி, நடப்பில் வெற்றி. பின்னால் வந்த பெண்கள் அந்த உறுதிமொழியை எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எல்லா வழக்கும் முழு நீதி தந்துவிடுவதில்லை. 1981இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில், முதல்முறை கருவுற்றதும் வேலைநீக்கம் என்ற விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் கூடாது என்ற விதியையோ அப்படியே விட்டது. அது தவறு என்றே நான் கருதுகிறேன்.

மெக்கின்னன் மெக்கன்சி என்ற நிறுவனத்தில் ஆண் சுருக்கெழுத்தரைவிடக் குறைந்த சம்பளம் வாங்கிய ஒரு பெண் ஊழியர் வழக்காடினார். நிறுவனத்தின் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டிச் சம ஊதியத்தை மறுக்க முடியாது என்று 1987இல் தீர்ப்பு வந்தது. வேதனை என்னவென்றால், அந்தக் குறைந்த சம்பளம் தொழிற்சங்கம் ஒப்புக்கொண்ட உடன்படிக்கையிலேயே இருந்தது. கூட வேலை செய்தவர்கள் சார்பிலேயே போடப்பட்ட கையெழுத்து அது.

வேலையில் சம வாய்ப்புக்கு உறுதி தரும் அரசமைப்புச் சட்டத்தின் 16ஆவது பிரிவு அரசு வேலைக்கு மட்டுமே உரியது. தனியார் வேலையில் சாதி, மதப் பாகுபாட்டைத் தடுக்கத் தனியான முழுமையான சட்டம் நமக்கு இன்னும் இல்லை. ஆகவே நியமன ஆணை, சம்பளச் சீட்டு, மேலாளர் அனுப்பிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நீதிமன்றத்தில் பேசுவது அந்தக் காகிதங்கள்தான். அதைவிட முக்கியமான ஒன்று: பக்கத்து மேசைக்காரருக்கு அநீதி நடந்து அவர் வழக்குப் போட்டால், அவருக்காகச் சாட்சி சொல்லப் போங்கள்.