மணலில் எழுதிய பாதிரியார்

1706 ஜூலை மாதம். தரங்கம்பாடிக் கரையில் ஜெர்மனியைச் சேர்ந்த இரண்டு இளம் பாதிரிமார் வந்து இறங்கினார்கள். சீகன்பால்கு, புளுட்சோ. டென்மார்க் அரசர் அனுப்பிவைத்தவர்கள். போதிக்க வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது.

என்ன செய்தார்கள் தெரியுமா? உள்ளூர் வாத்தியார் ஒருவரைத் தங்கள் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொன்னார்கள். பொடிசுகளோடு தாங்களும் தரையில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் போட, பக்கத்தில் அவர்களும் போட்டார்கள். மணலில் ஒரு வசதி உண்டு. தப்பாகப் போனால் உள்ளங்கையால் தடவிவிட்டு மறுபடியும் எழுதலாம்.

யார் பெரியவன் என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு ஒரு சிறுபிள்ளையைக் கூப்பிட்டு அவர்கள் நடுவே நிறுத்தினார் என்கிறது மத்தேயு நற்செய்தி. அதைப் பிரசங்கம் செய்தவர்கள் ஏராளம். இந்த இருவரும் அந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழ்ந்துபோகும்.

அடுத்த ஆண்டே பெண் குழந்தைகளுக்கும் தரங்கம்பாடியில் பள்ளி வந்தது. சீகன்பால்கு தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1715-ல் அதே ஊரில் அச்சாகி முடிந்தது. மணலில் விரல் வைத்து ஒன்பதே ஆண்டுகள்.