மாட்டுப் பட்டியும் மூளைக்காய்ச்சலும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் மிருக வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஊசியும் குழாயுமாக வரும் மிருக வைத்தியனைக் கண்டதும் பட்டிப் படலையைச் சாத்திவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. “நோயில்லாத மாட்டின் இரத்தம் உமக்கு எதற்கு?” என்று கேட்போரும் உளர். நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறவே எழுந்துள்ளேன்.

1985ஆம் ஆண்டின் இறுதியில், காலபோக வயல்களில் நீர் நிறைந்திருந்த வேளையில், அநுராதபுரப் பகுதியில் யப்பானிய மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாக மூண்டது. 1987இல் மீண்டும் தலைகாட்டி அயற்பகுதிகளையும் பற்றியது. நூற்றுக்கணக்கானோர் நோயுற்றனர், பலர் மாண்டனர். இந்நோயைத் தீர்க்கும் தனி மருந்து அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை. தடுப்பூசியே முதன்மையான காப்பு. அதுவும் 1988இலேதான் இந்நாட்டில் ஆரம்பமாயிற்று.

இவ்வைரசு மனிதரிடத்தே நிலைத்து வாழ்வதன்று. கொக்கு முதலிய நீர்ப்பறவைகளே அதன் உறைவிடம். வயல்நீரிற் பெருகும் கியூலெக்சு நுளம்பு அதனைப் பன்றிக்குக் கொண்டு செல்கின்றது. பன்றியின் இரத்தத்தில் அது சில நாட்களுக்குள் பல்கிப் பெருகும். அந்நாட்களில் அப்பன்றியைக் கடிக்கும் நுளம்பு பின்னர் மனிதரைத் தீண்டலாம். பன்றியோ பெரும்பாலும் நோய்க்குறி காட்டாது. சினைப்பன்றி இறந்த குட்டிகளை ஈனுதல் ஓர் அறிகுறி. மாடும் கடிபடுகின்றது, ஆயினும் நுளம்புக்குத் தொற்றுமளவுக்கு அதன் இரத்தத்தில் வைரசு பெருகுவதில்லை. ஆகவே பரிசோதனையில் தொற்றின் தடயம் தெரிந்தது என்பதற்காக எவரும் தம் பசுவை விற்கவோ பாலைக் கொட்டவோ வேண்டியதில்லை.

மகாவலிக் குடியேற்றப் பகுதிகளில் கமக்காரரின் மேலதிக வருமானத்துக்கெனப் பன்றி வளர்ப்பு ஊக்குவிக்கப்பட்டது. நெல்வயலும் பன்றிக் கொட்டிலும் அருகருகே அமைந்தால் யாது நிகழும் என்பதைத் திட்டம் வகுப்போர் முன்னரே எண்ணியிருத்தல் வேண்டும். பன்றி வளர்த்த ஏழையைப் பழிப்பது எளிது, அது நீதியாகாது.

இனி இரத்தத்துக்கு வருவோம். தொற்று நீங்கிய பின்னரும் உடல் அதனை எதிர்த்துப் போரிட்ட அடையாளமாகப் பிறபொருளெதிரி இரத்தத்தில் எஞ்சி நிற்கும். உறைந்த இரத்தத்தின் மேலே தெளியும் நீர்ப்பாயத்தில் அதனைக் காணலாம். ஆனால் பத்து வயதுப் பசுவிடம் அது இருந்தால், எந்த ஆண்டின் தொற்று என்று எவரால் கூறமுடியும்? ஆதலால் இளங்கன்றுகளிடமே, மழைக்கு முன் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் இரத்தம் எடுக்கின்றோம். முன்பு இல்லாதது பின்பு தோன்றினால், இப்பருவத்திலேயே நம் ஊர் நுளம்பிடம் வைரசு இருந்ததென்பது உறுதி. நெருங்கிய இனமான மேற்கு நைல் வைரசும் சில பரிசோதனைகளில் இதேபோற் தோன்றி மயக்கும். அதனால் இன்னொரு நுண்பரிசோதனையும் அவசியம். காலதாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம், ஒரே காரணமன்று.

யப்பானியர் 1960களிலிருந்தே கொலைக்களத்துக்கு வரும் இளம் பன்றிகளின் இரத்தத்தை ஆண்டுதோறும் கோடையில் சோதித்து வருகின்றனர். பன்றிகளில் தொற்று ஏறும் மாகாணத்தில் மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுகின்றது. பிள்ளை மயங்கி விழும்வரை அவர்கள் காத்திருப்பதில்லை.

காட்டு விலங்கும் விலக்கன்று. பொலன்னறுவையில் வாழும் குரங்குகளின் இரத்தத்தில் டெங்கு வைரசுத் தொற்றின் தடயம் கண்டதாக 1999இல் ஆய்வாளர் வெளியிட்டனர். டெங்கு மனிதருக்கும் வீட்டு நுளம்புக்கும் இடையிலான விவகாரம் மாத்திரமே என்று எண்ணியிருந்தோர்க்கு அது வியப்பளித்தது. அதற்காகக் குரங்கைச் சுடுவது மடமை; நம் முற்றத்துத் தேங்காய்ச் சிரட்டையில் நிற்கும் நீரே நமக்கு அண்மையிலுள்ள ஆபத்து.

என் தொழிலைச் சார்ந்த குறையொன்றையும் மறைக்காது கூறவேண்டும். முன்னொருகால் ஒரு கிராமத்தில் நாற்பது மாடுகளின் இரத்தம் எடுத்து அனுப்பினேன். மூன்று வருடங்களாகியும் முடிவு அவ்வூரை எட்டவில்லை. நான்காம் வருடம் நான் மீண்டும் சென்றபோது படலைகள் மூடியிருந்தன. அக்கமக்காரர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. மாடு அவருடையது, இரத்தமும் அவருடையது. முடிவு மாத்திரம் யாரோ ஒருவரின் கோவையில் உறங்கியது.

ஆகவே, வரும் காலபோகத்துக்கு முன் எங்களுள் எவரேனும் உங்கள் பட்டிக்கு வந்தால் படலையைத் திறவுங்கள். திறக்குமுன், முடிவு எத்திகதிக்குள் வரும், யார் கையில் வரும், தமிழில் எழுதப்பட்டு வருமா என்று கேளுங்கள். விடையை அவர் கையொப்பத்துடன் எழுதி வாங்கிக்கொண்டு மாட்டைப் பிடித்துக் கொடுங்கள்.