வெள்ளைக் குட்டி
(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி மேடையில் ஏறி நின்று சாமியார் நாயைப் பற்றிப் பேசுகிறாரே என்று உங்களில் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். யூபிலி ஆண்டைப் பற்றிச் சொல்லும் லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தையே எடுத்துப் பாருங்கள். ஐம்பதாம் ஆண்டின் விடுதலையைச் சொல்லுமுன், ஏழாம் ஆண்டில் நிலத்துக்குத் தரவேண்டிய ஓய்வைப் பற்றி அது பேசுகிறது. அவ்வாண்டில் நிலம் தானாக விளைவிப்பது யாருக்கு? உடையவனுக்கு, அடிமைக்கு, கூலியாளுக்கு, அந்நியனுக்கு. அத்தோடு நிற்கவில்லை, வீட்டுக் கால்நடைக்கும் நாட்டிலுள்ள காட்டு விலங்குக்குங்கூட அதில் பங்கு வைத்திருக்கிறது. ஆகவே நாம் பேச்சை மாற்றிவிடவில்லை.

இராஜபாளையம் என்றதும் வெளியூர்க்காரர் பலருக்கு நினைவுக்கு வருவது நாய்தான். பால்போன்ற உடல், இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண். முற்காலத்தில் பன்றி வேட்டைக்கும் வீடு தோட்டக் காவலுக்கும் வளர்த்தார்கள். 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, இமயமலை ஆட்டுநாய், ராம்பூர், முதோல் ஆகியவற்றோடு நம் ஊர் நாயும் அதில் இடம்பெற்றது. பெருமைதான், மறுப்பாரில்லை.

ஆனால் அந்த வெண்மைக்குப் பின்னே ஒரு துன்பம் உண்டு. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் உயிரணுக்கள் உட்செவியிலும் இருக்கின்றன. அங்கே அவை இல்லாவிடில், பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் நுண்ணிய பகுதி பட்டுப்போகிறது. டால்மேஷியன் முதலிய மேனாட்டு இனங்களிலும் இதே கதைதான். எந்த வெண்மைக்காக மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இணை சேர்த்தானோ, அதுவே சில குட்டிகளின் காதை அடைத்துவிடுகிறது. செவிட்டுக் குட்டி காவலுக்கு ஆகாதாம். வேறு நிறத்தில் பிறந்ததோ இனத்துக்கே ஆகாது என்று பிறந்தவுடனே கழித்துவிடும் வழக்கமும் இருந்தது. வெள்ளையாய்ப் பிறந்தாலும் குற்றம், பிறக்காவிட்டாலும் குற்றம்!

சென்ற ஐப்பசி மழையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நோயாளிக்கு நன்மை கொடுத்துவிட்டு, உபதேசியாரின் மோட்டார் சைக்கிளில் இராஜபாளையம் நோக்கி வந்துகொண்டிருந்தோம். சாலையோரத்தில் நனைந்த சாக்கு ஒன்று. அதன் வாயிலிருந்து பாதி வெளியே வந்த வெள்ளைக் குட்டி ஒன்று. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அலறவிட்டார். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “சாமி, இதுக்குக் காது கேக்கல போலிருக்கு” என்றார் உபதேசியார். யார் போட்டார்கள் என்று நாம் விசாரிக்கவில்லை. சாக்கோடு எடுத்து மடியில் வைத்துக்கொண்டோம். அங்கி கெட்டது, சமையற்காரம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கால்நடை மருத்துவர் உண்ணி எடுத்தார், குடற்புழு மருந்து கொடுத்தார், மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசிக்குக் கொண்டுவரச் சொன்னார். பலிபீடச் சிறுவன் ஒருவன் அன்போடு கொண்டுவந்த பால்கோவாவை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிட்டார். (அது வீணாகவில்லை.)

அடுத்த ஞாயிறு, வின்சென்ட் தே பவுல் சபையைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் திருப்பலி முடிந்து நம்மிடம் வந்தார். “சாமி, மனுசப் பிள்ளைக்கே பாலுக்கு வழியில்லாத தெரு நம்ம பங்குல இருக்கு. நாய்க்கு என்னத்துக்குப் பால்?” என்று கேட்டார். சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியன்று அது. வீடுவீடாகச் சென்று கண்ணீரைக் கண்டவர் கேட்கிற கேள்வி. திருச்சபை 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி நூலும் 2418-ஆம் எண்ணில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: விலங்கை வீணாக வதைப்பது மனித மாண்புக்கு இழுக்கு, மனிதத் துயரைத் துடைக்க முதலில் செல்லவேண்டிய பணத்தை விலங்குக்குச் செலவிடுவதும் அவ்வாறே இழுக்கு. எனவே பெரியவரிடம் கணக்கையே சொன்னோம். சபைப் பெட்டியிலிருந்து ஒரு காசும் எடுக்கவில்லை. மீந்த சோறும், நம் காப்பிக்கு வாங்கும் பாலில் ஒரு பங்கும்தான். காப்பி சற்றுக் கறுத்துப் போயிற்று, அவ்வளவே. அவர் முழுவதும் ஒப்பவில்லை. ஆனால் அந்தத் தெருவின் பெயர்களை மறுநாளே எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் நான்கு வீடுகள் நம் கணக்கில் அதுவரை இல்லாதவை.

காது கேளாத குட்டியைக் கூப்பிடுவது எப்படி? சிறுவர்கள் விசிலடித்துப் பார்த்தார்கள், தட்டைத் தட்டினார்கள். ஒருநாள் ஒரு தாய், பிறவியிலேயே காது கேளாத தம் மகளோடு வந்தார். ஞாயிறு மறைக்கல்விக்கும், திருநாள் தேருக்குங்கூட அந்தப் பெண்குழந்தை அழைத்து வரப்பட்டதில்லை. அவள் யாரையும் கேட்கவில்லை. குந்தி உட்கார்ந்து தரையை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். அதிர்வு தெரிந்து குட்டி திரும்பியது; கையை அசைத்தாள், ஓடி வந்தது. பின்னாலிருந்து தொட்டால் அது பயந்து கடிக்கும், எதிரே வந்துதான் தொடவேண்டும் என்பதையும் சைகையால் அவளே பையன்களுக்குக் காட்டிக்கொடுத்தாள். இப்போது ஞாயிறுதோறும் வருகிறாள். மறைக்கல்வி ஆசிரியை சைகை மொழி பழகத் தொடங்கியிருக்கிறார்.

வேதத்தில் நாய் பெரும்பாலும் இழிவாகவே பேசப்படுகிறது. இருந்தும் தொபியாசு ஆகமத்தில், இரபேல் சம்மனசோடு இளைஞன் புறப்படும்போது அவனுடைய நாயும் கூடவே நடக்கிறது. நாயின் பணி இன்னதென்று ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. உடன் செல்கிறது, அவ்வளவுதான். கொள்ளைநோயால் காட்டில் ஒதுங்கிக் கிடந்த புனித ஆரோக்கியநாதருக்கு ரொட்டி கொண்டுவந்து கொடுத்ததும் ஒரு நாய் என்பது மரபு. சுரூபத்தில் அவர் காலடியில் அது இருக்கும்.

இரக்கம் என்ற பெயரில் சோறு போட்டுவிட்டுப் போவது மட்டும் போதாது. நாய் கடித்தால் சுண்ணாம்போ மிளகாய்ப் பொடியோ வைக்காதீர்கள். ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்கி, எல்லாத் தவணையும் முடியுங்கள். வெறிநோய் கண்டுவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரின் பின்னே இன்னும் இரண்டு குட்டிகள் கிடப்பதாக இன்று காலை தகவல். ஒன்று வெள்ளை, ஒன்று செவலை. சாதித் தாள் எதுவும் கிடையாது. தடுப்பூசி போட்டு வளர்க்கச் சம்மதிப்பவர்கள் உபதேசியாரிடம் பெயர் கொடுக்கலாம்.