கேமரா இருந்தும் பதிவு இல்லை

நம்ம கிடங்குல ரெண்டு மூட்டை கடலை குறைஞ்சப்போ, சாவி வைத்திருந்த அக்கா மேலதான் எல்லாருக்கும் சந்தேகம். கேமராவைப் பார்த்தால், இருபது நாளுக்கு முந்தைய பதிவு அழிந்துபோயிருந்தது! தப்பு நோட்டுக் கணக்கில்தான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த அக்கா பட்ட அவமானம்?

பொருத்தியவர் எல்லாத்தையும் உச்சத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நொடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி. 500 ஜிபி டிஸ்க் 11 நாளில் நிரம்பி, பழைய பதிவு அழிய ஆரம்பிக்கும். பிட்ரேட்டை 2 மெகாபிட் ஆக்கினால் 23 நாள் தாங்கும். கூடவே, நொடிக்கு 25 படம் என்பதை 12 ஆக்குங்க. கிடங்குக்கு அது போதும். ரெசல்யூஷனை மட்டும் குறைக்காதீங்க, முகம் தெரியாது. மாற்றியதும் ராத்திரிப் பதிவையும் ஒருதடவை போட்டுப் பாருங்க. அடுத்த கூட்டத்தில் மெனுவைத் திறந்தே காட்டுறேன்.