சென்னைப் பஞ்சாங்கமும் ஜொகூர் சூரியனும்

ஏகாதசி விரதம் சென்னையில் ஒரு நாளும் ஜொகூர் பாருவில் மறுநாளும் வரலாமா? வரலாம், நேயர்களே. பஞ்சாங்கக் கணக்கு அப்படி.

1825-இல் சென்னையில் வெளியான 'காலசங்கலித' நூலில் ஜான் வாரன் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதுகிறார். தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடம் செய்த சொற்களைக் கொண்டே அவர் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமே பிசகு. முடிவில் மட்டும் 52. அடிப்படை 248 வாக்கியங்கள். நிலவின் வேகம் கூடிக் குறையும் சுற்று ஒன்பது முறை முடிய ஏறக்குறைய 248 நாள். பாபிலோனியரும் இந்தக் கணக்கை அறிந்திருந்தனர்.

பழைய கணிதர்கள் உஜ்ஜயினியை நடுக்கோடாகக் கொண்டு, அவரவர் ஊருக்குத் திருத்தம் செய்தார்கள். இங்கே பல வீடுகளிலோ தமிழகப் பஞ்சாங்கம் அப்படியே சுவரில் தொங்குகிறது! அதில் ஏகாதசி காலை 5 மணிக்குத் தொடங்கினால், மலேசிய நேரம் 7.30. சென்னையில் சூரியன் உதிக்குமுன் திதி வந்துவிடும். ஜொகூரில் ஏழு மணிவாக்கில் சூரியன் உதிக்கும்போது இன்னும் தசமிதான். ஆகவே விரதம் பெரும்பாலும் மறுநாள்.

இரண்டரை மணியைக் கூட்டினால் போதும் என்பார் சிலர். போதாது, உதயத்தை உள்ளூரில்தான் பார்க்கவேண்டும். ராகு காலத்துக்கும் இதே கதைதான்.