பேயா? பீதியா?

(அம்பகரத்தூர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பீதி நோய் என்பதாகும். திடீரென்று மார்பு படபடவென்று அடித்துக்கொள்ளுகிறது, மூச்சு முட்டுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, இதோ சாகப்போகிறோம், அல்லது பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று தோன்றுகிறது. உடனே வீட்டார் என்ன சொல்லுகிறார்கள்? பெண்ணானால் காத்துக் கருப்பு என்கிறார்கள். ஆணானால் ஏழரைச் சனி என்கிறார்கள். திருநள்ளாறு பக்கத்திலேயே இருப்பதால் பரிகாரத்துக்கு வண்டிச் சத்தமும் அதிகமில்லை!

"வேப்பிலை அடித்ததும் குணமாயிற்றே" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இந்நோயின் வேகம் பெரும்பாலும் 10 நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு யாரும் ஒன்றும் செய்யாமலே வடிந்துவிடக்கூடியது. பூசாரி வந்து சாம்பிராணி போடுவதற்குள் அது வடியத் தொடங்கிவிடுகிறது. தானே வடிந்ததற்கு வேப்பிலை பெயர் வாங்கிக்கொள்ளுகிறது. இருதயத்தில் குற்றமில்லை என்று டாக்டர் சொன்னாலோ, "டாக்டருக்கே தெரியவில்லை, ஆகவே பேய்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

உண்மை என்ன? பாம்பைக் கண்டால் ஓடுவதற்காக உடம்பில் அட்ரினலின் பெருகி நெஞ்சு வேகமாக அடிக்கிறது. பாம்பே இல்லாதபோது அந்த அபாய மணி அடித்துவிடுவதுதான் இந்நோய். மேல்மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து, தலை சுற்றி, விரல்கள் மரத்துப் போகின்றன. 1871ல் டாகோஸ்டா என்ற அமெரிக்க டாக்டர், யுத்தத்திலிருந்த சிப்பாய்களிடமே இதைப் போன்ற படபடப்பைக் கண்டு எழுதினார். 1980ல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் இதைத் தனி நோயாக வகுத்தது.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. பேயில்லை என்று சொல்லிவிட்டு, "வெறும் பயம், கோழை" என்று சிரிக்கும் பகுத்தறிவுக்காரர்களும் இருக்கிறார்கள். இதுவும் மூடத்தனமே. குளிர் ஜுரக்காரனைப் பார்த்து நடுங்காதே என்றால் நடுக்கம் நின்றுவிடுமா? மறுபடியும் வந்துவிடுமோ என்ற பயத்தால் அவன் பஸ் ஏற மறுக்கிறான், சந்தைக்குப் போவதில்லை, பிழைப்பை இழக்கிறான், சிலர் சாராயத்தில் விழுகிறார்கள்.

மனநோயைப் பேயென்று நம்புவது எங்கே கொண்டுபோய் விடும்? 2001 ஆகஸ்ட் 6ந் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓடக்கூட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். கோயிலானாலும், தர்காவானாலும், மாதாகோயிலானாலும் சங்கிலி சங்கிலியே. 2017ம் வருஷத்து மனநலச் சட்டம் அதை அடியோடு தடுத்திருக்கிறது.

ஆகவே செய்யவேண்டியது என்ன? முதலில் இருதயம், தைராய்டு இவற்றைப் பரிசோதிக்க வேண்டும். மார்வலியைப் பீதியென்று நாமே முடிவு கட்டக்கூடாது. பிறகு மனநல டாக்டரிடம் போகவேண்டும். எண்ணத்தைத் திருத்தி, பயந்த இடங்களுக்குச் சிறிது சிறிதாகப் பழக்கும் சிகிச்சை உண்டு. மருந்தும் உண்டு, அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். கடையில் தானாகத் தூக்க மாத்திரை வாங்கித் தின்றால் அது பழக்கமாகிவிடும். 14416 என்ற சர்க்கார் டெலிபோனில் இரவு பகல் எந்நேரமும் செலவில்லாமல் யோசனை கேட்கலாம்.

தோழர்களே! நம் வார்த்தைக்காக நம்ப வேண்டாம். அடுத்த தடவை பூசாரிக்கு ஆள் அனுப்புமுன் கடிகாரத்தைப் பாருங்கள். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து, "இது வடிந்துவிடும்" என்று சொல்லி, மூச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். வேப்பிலையில்லாமலே அது வடிவதைக் காண்பீர்கள். மறுநாளே அவரை டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.