செம்பும் உயிரும்

(நாகப்பட்டினத்தில் நடைபெற்ற நமது சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியனாகிய யான் இன்று இலக்கியம் பேசுவேனென்று பலரும் எதிர்பார்த்திருக்கலாம். செம்பைப்பற்றிப் பேசவே வந்துள்ளேன். செந்நிறம் பற்றிச் செம்பு என்று பெயர்பெற்ற உலோகம், ஆகுபெயராய் நீர் முகக்கும் கலத்திற்கும் பெயராயிற்று. நம் குலத்தார்க்கோ அது சொல் மட்டுமன்று, சோறு. 1856ஆம் ஆண்டு முதல் இவ்வூர் மண்ணினின்றும் வெளிப்பட்ட 350க்கு மேற்பட்ட பௌத்த விக்கிரகங்களும், சுவாமிமலையில் இன்றும் வார்க்கப்படும் திருமேனிகளும், நாச்சியார்கோவில் குத்துவிளக்குகளும் செம்பையும் அதன் கலப்பு உலோகங்களையும் கொண்டு ஆக்கப்பெற்றவையே. ‘நமக்கே செம்பைப்பற்றிச் சொல்ல வந்தானோ!’ என்று எண்ணவேண்டா. பட்டறையிலுள்ள செம்பை நீங்கள் அறிவீர்கள். நம் உடம்பினுள் இருக்கும் செம்பைப்பற்றியே யான் கூறப்போகிறேன்.

வளர்ந்த மனிதனொருவன் உடம்பில் இரும்பு 3 முதல் 4 கிராம் வரையும், துத்தநாகம் 2 முதல் 3 கிராம் வரையும் உண்டு. செம்போ ஏறத்தாழ 100 மில்லிகிராமே. தட்டார் தராசிலும் ஒரு சிட்டிகையளவே நிற்கும் இச்சிறு பொருள் இன்றேல் உயிர் வாழ்தல் அரிது. நாம் உள்ளிழுக்கும் பிராணவாயுவைக்கொண்டு உணவினின்றும் ஆற்றலைப் பெறும் தொழிலின் கடைசிப் படியில் செம்பும் இரும்பும் கூடி நின்று வேலை செய்கின்றன. உடம்பிலுள்ள இரும்பு இரத்தத்திற்குப் பயன்படுவதற்கும் செம்பின் துணை வேண்டும். 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து அறிஞர்கள், பாலை மட்டுமே உண்டு இரத்தம் குன்றிய எலிகளுக்கு இரும்பை ஊட்டிப் பார்த்தனர்; குணம் காணவில்லை. சிறிது செம்பையும் சேர்த்து ஊட்டிய பின்னரே அவை தேறின.

நமது கடற்கரையிற் பிடிபடும் நண்டையும் இறாலையும் கணவாயையும் நோக்குங்கள். அவற்றை அரியுங்கால் நம் குருதிபோலச் செங்குருதி பெருகக் காண்பதில்லை. நம் குருதியில் இரும்பு செய்யும் தொழிலை அவற்றின் குருதியில் செம்பு செய்கின்றது. காற்றைக் கவர்ந்த இரும்பு சிவக்கின்றது. காற்றைக் கவர்ந்த செம்பு நீலமாகின்றது. ஆதலின் அவற்றின் குருதி நீலம்.

நிற்க. இத்துணைச் சிறப்புடைய செம்பு, அளவு கடந்தவிடத்து நஞ்சாகும். ஆகவே மிகுதியான செம்பைப் பித்தநீரோடு கலந்து வெளியேற்றும் பொறுப்பை இயற்கை கல்லீரலிடம் ஒப்புவித்திருக்கிறது.

இவ்விடத்து, நம் தொழிலைப் பற்றிய ஒரு செய்தியை மறைக்காது கூறுதல் கடன். சென்ற நூற்றாண்டில் இந்திய நாட்டுக் குழந்தைகள் பலர் ஈரல் சுருங்கி இறந்தனர். 1980ஆம் ஆண்டுகளில் புனா நகரத்து மருத்துவர்களும் ஆங்கில நாட்டு அறிஞர்களும் ஆராய்ந்து, பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சியும் வைத்தும் ஊட்டிய பாலே அதற்கு முக்கிய காரணமென்று சுட்டினர். பாலிலுள்ள புரதம் செம்பைப் பற்றி ஈர்த்துக்கொள்வதே அதன் காரணம். அவ்வழக்கம் மறைய, அந்நோயும் பெரும்பாலும் மறைந்தது. நம் முன்னோர் பாத்திரங்களுக்கு வெள்ளீயம் பூசியது வீணன்று. பூச்சுத் தேய்ந்த பாத்திரத்தில் பாலும் மோரும் புளிக்குழம்பும் வைத்தலாகாது. வெறுந்தண்ணீரின் நிலை வேறு. 2012இல் பெங்களூரு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட கட்டுரையொன்றின்படி, செப்புக்குடத்தில் 16 மணிநேரம் வைத்த நீரில் பேதி நோய்க் கிருமிகள் மடிந்தன. நீரிற் கலந்த செம்போ உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லைக்கு மிகக் கீழே நின்றது.

இனி, யான் பேசவந்ததன் உட்கருத்திற்கு வருகிறேன். சைவ சித்தாந்த நூலார், உயிரை அநாதியே பற்றிய ஆணவ மலத்திற்குச் செம்பிற் களிம்பை உவமை கூறுவர். களிம்பு புறத்தே வந்து ஒட்டியதன்று. செம்போடு உடன்பிறந்தது என்பது கருத்து. அதுபோலச் சில குழந்தைகளுக்குச் செம்பை வெளியேற்றமாட்டாத குறை பிறவியிலேயே உண்டு. அவர்கள் செப்புக்கலத்தைக் கண்ணாற் காணாது வளர்ந்தாலும், அன்றாட உணவிலுள்ள செம்பே ஈரலிற் சேர்ந்து, பின் மூளையிலும் கண்ணிலும் படியும். 1912ஆம் ஆண்டில் இலண்டனில் இதனை விரித்தெழுதிய வில்சன் என்னும் மருத்துவர் பெயராலேயே இது வில்சன் நோய் எனப்படுகின்றது. ஏறத்தாழ 30,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் வருவது.

என் மாணவனொருவன் வரலாற்றைக் கேளுங்கள். நம் குலத்துப் பிள்ளை. முத்துக் கோத்தாற்போல் எழுதுவான். பதினான்காம் வயதில் அவன் எழுத்துக் கோணிற்று, வரி வளைந்தது, செய்யுள் ஒப்பிக்குங்கால் நாக்குழறிற்று. யான் அதனைச் சோம்பலென்று கொண்டேன். வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் கடிந்தேன். ஒரு நாள் புறத்தே நிற்கவும் வைத்தேன். பெற்றோர் காற்றுச் சேட்டையென்று கருதி மந்திரிக்கக் கொண்டுபோயினர். ஓராண்டு இவ்வாறு கழிந்தது. பின் கண் மருத்துவரொருவர் அவன் கருவிழியின் ஓரத்தில் பசுமையும் பழுப்பும் கலந்த வளையமொன்றைக் கண்டு ஐயுற்றார். இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்பட்டன. நோய் இன்னதென்று தெளிவாயிற்று. அவன் கைகளை நடுங்கச் செய்தது சோம்பலன்று; செம்பு. இருபத்தைந்தாண்டுகள் எழுத்தறிவித்த எனக்கு ஓர் எழுத்தின் நடுக்கத்தைப் படிக்கத் தெரியவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, “தங்கச்சிக்கும் பார்க்கச் சொல்லியிருக்காங்க, ஐயா,” என்றான்.

ஒன்பது வயதான அத்தங்கை துள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள். ஒரு குறியும் இல்லை. சோதித்ததில் அவளுக்கும் அக்குறை இருந்தது! உடனே மருந்து தொடங்கினர். இன்று அவள் கல்லூரியிற் படிக்கின்றாள். அண்ணனும் பெரிதும் தேறினான். ஆயினும் பேச்சு முழுதும் திருந்தவில்லை. இருவர்க்கும் நோய் ஒன்று, மருந்தும் ஒன்று, காலமே வேறு.

இந்நோய் தீராததென்று அஞ்சற்க. 1956இல் வால்ஷ் என்னும் ஆங்கில மருத்துவர், செம்பைப் பற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றும் பெனிசிலமின் என்னும் மருந்தை இதற்கு வழங்கிக் காட்டினார். செம்பு குடலில் ஏறாதபடி துத்தநாகமும் தடுக்கும். உலோகத்திற்கு உலோகமே மருந்தாகும் வியப்பைப் பாருங்கள்! ஆனால் மருந்தை வாழ்நாள் முழுதும் விடாது உண்ணவேண்டும். தேறிவிட்டோமென்று நிறுத்துதல் உயிர்க்கே கேடாம். நண்டு, இறால், ஆட்டீரல் முதலிய செம்பு மிக்க உணவுகளை அவர்கள் விலக்கவேண்டும். செப்புக்குடத்து நீரும் அவர்களுக்கு ஆகாது.

கடைசியாக ஒன்று. என் சொல் கசப்பினும் பொறுத்தருள்க. இக்குறையைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இருபாலும் பெற்ற குழந்தைக்கே நோய் உண்டாம். ஒருபால் மட்டும் பெற்றவர் நலமாகவே வாழ்வர். தம்மிடம் அஃதிருப்பதை அறியார். அத்தகையோர் இருவர் மணந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு நோய்க்கு இடமுண்டு. ஒரே பாட்டன் பாட்டியின் வழித்தோன்றல்களான இருவரிடத்தும் ஒரே குறை அமைந்திருத்தல் அயலாரினும் எளிது. பெங்களூரு நிமான்ஸ் மருத்துவ நிலையத்தார் தாம் கண்ட 282 நோயாளரைப்பற்றி 2007இல் எழுதியபோதும், பெற்றோர் உறவுமுறை மணம் செய்தோராயிருத்தல் மிகுதியென்று குறித்தனர். அக்காள் மகளையும் அத்தை மகளையும் கொள்ளும் நம் வழக்கைப் பழிக்க வந்தேனல்லேன். உறவு விட்டுப்போகலாகாதென்னும் அன்பே அதன் வேர் என்பதை அறிவேன். எனினும் குடும்பத்தில் இந்நோயோ, காரணம் தெரியாத ஈரல் நோயோ, இளமையிற் கைந்நடுக்கமோ உண்டாயிருப்பின், மருத்துவரைக் கேளாமல் அவ்வுறவில் மீண்டும் பெண் கொள்ளவும் கொடுக்கவும் வேண்டாமென்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தாய்மார்களே! நன்றாக எழுதிவந்த பிள்ளை கோணலாக எழுதினால், பேச்சுக் குழறினால், அடிக்கடி காமாலை வந்தால், அடிக்கவும் வேண்டா, மந்திரிக்கவும் வேண்டா, மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஒருவனுக்கு நோயென்று தெரிந்தால் உடன்பிறந்தார் அனைவரையும், நலமாயிருப்பினும், சோதியுங்கள். தங்கத்தில் எத்தனை பங்கு செம்பு கலப்பதென்று துல்லியமாக அறிந்த கைகள் நம்முடையவை. நம் பிள்ளைகள் உடம்பிலுள்ள செம்பின் அளவிலும் அக்கருத்தைச் செலுத்துவோமாக.